மாட்டுத் தொழுவம் இடித்த கணக்கு

நூற்றுக்கு எழுபத்தைந்து மதிப்பெண். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் பிறர் கணக்கைக் கிளறியே சம்பளம் வாங்கியவள் நான். ஓர் ஒப்பந்தக்காரருக்கு எழுபத்தைந்து போடுகிறேன் என்றால், அந்த எண் என் பேனாவிலிருந்து லேசில் இறங்கியதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். குறைத்த இருபத்தைந்துக்கும் காரணம் சொல்லத்தான் போகிறேன். ஆளின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் பொதுவில் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். மானாமதுரைப் பக்கம் பழைய கட்டடங்களை இடித்து, சாமான் எடுத்து விற்பவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சிவகங்கை மாவட்டம், காளையார்கோயிலுக்குத் தெற்கே எங்கள் ஊர். 42 சென்ட் இடம். முன்பக்கம் வீடு நன்றாக இருக்கிறது. தம்பி மகன் குடிவரப் போகிறான். தொல்லை எல்லாம் பின்பக்கத்தில். தாத்தா கட்டிய மாட்டுத் தொழுவம், கிணற்றடியில் மோட்டார் அறை, அப்பா பிற்காலத்தில் நெல்மூட்டை அடுக்கப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஒதுக்குப்புறமாக ஒரு பழைய கக்கூஸ், அதற்கு ஒரு செப்டிக் டேங்க். இத்தனையையும் மறைத்துக்கொண்டு சீமைக் கருவேலம். கடைசியாக அங்கே மாடு கட்டியிருந்தது எந்த வருடம் என்று வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

மூன்று பேரிடம் விலை கேட்டேன். மதுரையிலிருந்து வந்த நிறுவனம் சதுர அடிக் கணக்கில் 1,85,000 ரூபாய் என்று அச்சடித்த தாளில் கொடுத்தது. உள்ளூரில் ஜேசிபி வைத்திருப்பவர் 45,000 ரூபாய், சாமான் எல்லாம் தனக்கு என்றார். மூன்றாமவர்தான் நான் அமர்த்தியவர். வேலைக்கு 1,12,000, எடுக்கும் சாமானுக்கு அவர் தரவேண்டியது 38,000, ஆக நான் தரவேண்டியது 74,000. ஒரே இடம், ஒரே சுவர், ஒரே ஓடு. இவ்வளவு வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன். இடித்ததை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?

மதுரைக்காரர்கள் “அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம் மேடம்” என்றார்கள். தாளில் ‘இடிபாடு அகற்றுதல்’ என்று ஒரு வரி. இடம் எது, எத்தனை நடை என்று ஒன்றுமில்லை. தணிக்கையில் இப்படி ஒரு வரியைப் பார்த்தால் அங்கேயே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி விழும். உள்ளூர்க்காரர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசினார். “கிணறு சும்மாதானே கிடக்கிறது அம்மா, பாதியை அதில் தள்ளிவிடலாம். மிச்சத்தைக் கண்மாய்ப் பக்கம் தட்டிவிட்டால் ஆயிற்று.” கிணறு சும்மா கிடக்கவில்லை, அதில் தண்ணீர் கிடக்கிறது என்றேன். கண்மாயைப் பற்றி நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற என் சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ஆறு பார்த்து யாரும் விதைப்பதில்லை. மழை, வரத்துக்கால், கண்மாய், மடை என்பதுதான் விவசாயம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் நாலு டிராக்டர் செங்கல் கட்டி விழுந்தால், அந்தத் தண்ணீரில் பயிர் வைக்கும் ஆயக்கட்டுக்காரர்கள் ஒரு போகத்தையே பறிகொடுக்க நேரும். ஏரி, கண்மாய்களைக் காக்க 2007ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. கட்டட இடிபாட்டுக்கு மத்திய அரசின் விதிகள் 2016இல் வந்தன. இடிபாட்டை வடிகாலிலும் பொது இடத்திலும் கொட்டக் கூடாது. கான்கிரீட், செங்கல் காரை, இரும்பு, மரம் என்று பிரித்து வைக்கும் பொறுப்பு இடித்தவருடையது என்று அந்த விதிகளில் இருந்தது. அந்த 45,000 மலிவு விலையே இல்லை. மிச்சத்தை ஊர் கட்டும், அவ்வளவுதான்.

மூன்றாமவர் வந்ததும் சுவரை அளக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்துத் தொழுவத்துச் சுவரின் பூச்சைச் சுரண்டினார். பிறகு கொட்டகைச் சுவரைச் சுரண்டினார். “தொழுவத்துக்கு நான் உங்களுக்குக் காசு தருகிறேன் அக்கா. கொட்டகைக்கு நீங்கள் எனக்குத் தரவேண்டும்” என்றார். இந்தத் தொழிலின் கணக்கு முழுக்க அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. தாத்தா கட்டியது சுண்ணாம்புக் காரை. கடப்பாரையால் நெம்பினால் செங்கல் முழுசாக வரும், தட்டித் துடைத்து மறுபடி விற்கலாம். அப்பா கட்டியது சிமெண்ட். செங்கல்லைவிடக் காரை கெட்டியாக இருப்பதால் செங்கல்தான் உடையும். உடைந்தது வெறும் கட்டி, அதை ஏற்றி அனுப்பக் கூலி. தொழுவத்தின் கூரையில் மங்களூர் ஓடு, அடியில் வைரம் பாய்ந்த பனைமரச் சட்டங்களான பனங்கைகள், நிற்க ஆறு கருங்கல் கால்கள். கொட்டகையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடும் துருப்பிடித்த இரும்பு ஆங்கிளும். அப்பா நல்ல மனிதர்தான். ஆனால் தாத்தாவின் மாடுகள் அவருடைய நெல்லைவிட நல்ல இடத்தில் குடியிருந்திருக்கின்றன.

38,000 எப்படி வந்தது என்று கேட்டேன். சிகரெட் அட்டையின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். உடையாத ஓடு 900, ஒன்று 12 ரூபாய் வீதம் 10,800. கல்கால் ஒன்று 1,500 வீதம் 9,000. மோட்டார் அறையின் தேக்கு நிலையும் கதவும் சேர்த்து 6,500. இரும்பு 200 கிலோ, கிலோ 32 ரூபாய், 6,400. பனங்கைகள் மொத்தமாக 5,300. கூட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. செங்கல்? அதைத் துடைத்து அடுக்கும் கூலிக்கே சரியாகிவிடும் என்று விலை போடவில்லை. இதை நான் முழுக்க நம்பவில்லை. பழைய செங்கல்லுக்குக் கிராக்கி உண்டு. தேக்கு நிலையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போனால் அவர் எனக்குத் தந்ததைப் போல் எத்தனை மடங்குக்கு விற்குமோ. ஆனால் அங்கே சுமந்துகொண்டு போய்ப் பேரம் பேச எனக்கு ஆள் இல்லை. செங்கல் கணக்கை மறைத்ததற்கு ஐந்து மதிப்பெண் குறைத்தேன்.

ஒப்பந்தம் ஒரு பக்கம், நானே தட்டச்சு செய்தேன். எந்தெந்தக் கட்டடம், அஸ்திவாரத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டி எடுப்பது, எந்தச் சாமான் யாருக்கு, இடிபாடு எங்கே போகும், பக்கத்து வீட்டு மதிலுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு, கடைசி 5,000 ரூபாய் மழைக்காலம் கழிந்த பிறகுதான். இந்தக் கடைசி விதியைப் படித்துவிட்டு அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். ஊராட்சியில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குவதும், மோட்டார் அறைக்கு வந்த மின்கம்பியை மின்வாரியத்தைக் கொண்டு அவிழ்ப்பதும் என் வேலை. மின்வாரியத்துக்காரர்கள் வந்து அவிழ்க்கும்வரை ஆட்களை அந்தப் பக்கமே அவர் விடவில்லை.

வேலை தொடங்கிய காலையில் கூட்டத்தில் மூத்தவர், மாட்டுப்பொங்கல் வைக்கும் இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சூடம் கொளுத்தினார். தேங்காய், சூடம், வெற்றிலை பாக்கு என் செலவு, 65 ரூபாய்.

இடிப்பு என்றால் ஜேசிபி வந்து ஒரு தட்டுத் தட்டும் என்று நினைத்திருந்த தம்பி மகன் ஏமாந்து போனான். கூரை இறங்கும்வரை இயந்திரம் வாசலுக்குள்ளேயே வரவில்லை. கட்டியது எந்த வரிசையோ அதற்குத் தலைகீழாகப் பிரித்தார்கள். முதலில் ஓடு, கையிலிருந்து கைக்கு மாற்றி இறக்கி, புளியமரத்தடியில் வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். பிறகு ரீப்பர், பனங்கை, விட்டம். கல்காலைச் சாய்ப்பதுதான் பார்க்கவேண்டிய வேலை. அடியில் சுற்றித் தோண்டி, கழுத்தில் வடம் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று, ஒரு பக்கம் இழுக்க மறுபக்கம் மெல்ல விட, கால் ஒவ்வொன்றும் வைக்கோல் மெத்தைமேல் படுத்தது. ஆறில் ஒன்றுகூட மூளி ஆகவில்லை. ஓட்டு அடுக்கில் ஒரு கண்ணாடி விரியன் இருந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து பிடித்துப் போனார்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் கதை வேறு. ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் எந்த வகையானாலும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிப் பல காலம் ஆகிறது. தகடு முழுசாகக் கிடக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. உடைத்தாலோ அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத இழைகள் தூசியோடு கிளம்பி நுரையீரலில் தங்கிவிடும். நோய் வெளியே தெரிய இருபது, முப்பது வருடம்கூட ஆகலாம். அதனால் யார் இடித்தபோது வந்தது என்று யாரும் கேட்கப்போவதும் இல்லை. எங்கள் ஊரில் வழக்கமான முறை, மேலே ஏறிச் சம்மட்டியால் அடித்துக் கீழே விழவைப்பது. இவர் ஆட்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு, தகட்டைக் குழாய்த் தண்ணீரால் நனைத்து, கொக்கி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி முழுத் தகடாக இறக்கினார்கள். துருப்பிடித்துக் கழலாத போல்ட்டை மட்டும் வெட்டினார்கள், தகட்டை அல்ல. முகக்கவசத்தை வெற்றிலை போட ஒருவர் அடிக்கடி இறக்கினார். நானும் அடிக்கடி இருமிக் காட்டினேன்.

இறக்கியது சரி, போனது எங்கே? முழுத் தகடுகளை யாரோ ஆட்டுக்கொட்டகைக்கு வாங்கிப்போனார்கள். இந்தியாவில் இதற்குத் தடை இல்லை, நான் தடுக்க வழியும் இல்லை. உடைந்த துண்டுகளை உரச்சாக்கில் போட்டுக் கட்டினார். அந்தச் சாக்குகள் எங்கே போயின என்று கேட்டால் “என் யார்டில் ஓரமாக இருக்கிறது அக்கா” என்கிறார். அபாயக் கழிவைப் பாதுகாப்பாகப் புதைக்கும் இடம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. நாலு சாக்குத் துண்டுக்காக மானாமதுரையிலிருந்து யார் அவ்வளவு தூரம் போவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் பத்து மதிப்பெண் குறைத்தேன். பதிலில் தெளிவில்லை என்றால் மதிப்பெண்ணும் இல்லை.

முழு மதிப்பெண் தரவேண்டிய இடம் செப்டிக் டேங்க். பல வருடம் யாரும் பயன்படுத்தாத தொட்டி, காய்ந்துதான் கிடக்கும், ஓர் ஆள் இறங்கி வாரிப் போட்டால் முடிந்தது என்று எங்கள் வீட்டிலேயே ஒரு பெரியவர் யோசனை சொன்னார். ஒப்பந்தக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எனக்கு அந்தப் பாவம் வேண்டாம் ஐயா” என்றார். மூடிக் கிடந்த தொட்டியில் நச்சுவாயு தங்கியிருக்கும். எட்டிப் பார்த்தவரும், அவரைத் தூக்கப் போனவரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து இறந்த செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. தகுந்த பாதுகாப்பில்லாமல் மனிதரை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இவர் மூடிப் பலகைக் கற்களை நீளக் கடப்பாரையால் தூரத்தில் நின்று நகர்த்தி, தொட்டியைத் திறந்து ஆறவிட்டு, கழிவுநீர் லாரியை வரவழைத்து உறிஞ்சச் செய்து, ஜேசிபியின் கையால் அடித்தளத்தை உடைத்து, செங்கல் கட்டியும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பினார். உள்ளே ஒரு கால்கூட இறங்கவில்லை.

கருவேலத்துக்குக் காசு கேட்கவில்லை. நம் மாவட்டத்திலும் ராமநாதபுரத்திலும் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு அது சரக்கு. ஒருவர் வந்து வெட்டி எடுத்துக்கொண்டு போனார். வெட்டுக்கூலி எனக்கு இல்லை, விறகு அவருக்கு. தூரைப் பறிப்பது மட்டும் ஜேசிபி. தரையோடு வெட்டினால் மண்ணுக்குள் இருக்கும் தூரிலிருந்து இரண்டு மடங்காகத் துளிர்க்கும் மரம் அது. அதனால் தூரோடு புரட்டியாக வேண்டும். நடுவில் நின்ற இரண்டு பனையையும் எடுத்துவிடலாமா என்று தம்பி மகன் கேட்டான். ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள் என்று ஒப்பந்தக்காரர் சொன்னார். நான் சொல்ல வாயெடுத்ததை அவர் முந்திக்கொண்டு சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். இடிபாடு எங்கே போனது? காளையார்கோயிலில் ஒருவர் பள்ளத்து மனையில் வீடு கட்டுகிறார், அவருக்கு மேடாக்கக் கட்டி வேண்டும், அங்கேதான் போகிறது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார். எழுதியது சரி. முதல் டிராக்டர் கிளம்பியதும் தம்பி மகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டு தொடர்ந்து போனேன். வேலையில் இருந்த காலத்தில், முடித்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் ஏறியிருக்கும் சாலையை நேரில் போய்ப் பார்த்தால், பாதி நேரம் சாலையே இருக்காது. இங்கே மனை இருந்தது, பள்ளம் இருந்தது, வீட்டுக்காரரும் குடையோடு நின்று டிராக்டருக்கு வழி காட்டினார். என்னைக் கொத்தனாரின் அம்மா என்று நினைத்து மோர் கொடுத்தார். மாலையில் சொல்லாமல் இன்னொரு தடவையும் போய்ப் பார்த்தேன். கட்டி அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது.

மிச்சம் பத்து மதிப்பெண் எங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன். பங்குனியில் வேலை. பக்கத்து வீட்டு அத்தை மொட்டை மாடியில் முண்டு மிளகாய் காயப்போட்டிருந்தார்கள். சுவர் இடிக்கும் நாளில் தண்ணீர் தெளிக்கச் சொல்லியும், ஆட்கள் பாதி நேரம் தெளிக்கவில்லை. மிளகாயெல்லாம் சுண்ணாம்புப் பொடி. ஒப்பந்தக்காரர் அன்று ஊரில் இல்லை. நான்தான் அத்தையிடம் பேச்சு வாங்கினேன். பிறகு அவர் வந்து மன்னிப்புக் கேட்டு இரண்டு கிலோ மிளகாய்க்குக் காசும் கொடுத்தார், ஆனால் அத்தை இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்தது, ஜேசிபி ஓட்டுநர் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட, ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்திருந்த நாட்கள். அந்த நாட்களுக்குக் கூலி என் தலையில் விழவில்லை என்றாலும், மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து சும்மா உட்கார்ந்திருந்தது நான்.

பணக் கணக்கு. பேசியது 74,000. தொழுவத்து அஸ்திவாரம் நினைத்ததைவிட ஆழமாகப் போயிற்று, கருங்கல் அடுக்கு. அதற்கு ஜேசிபி நான்கு மணி நேரம் கூடுதல், மணிக்கு 1,400 வீதம் 5,600. டிராக்டர் இரண்டு நடை கூடுதல், 1,900. மொத்தம் 81,500. கூடுதல் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே பள்ளத்தைக் காட்டிக் கேட்டார். முடித்துவிட்டுப் பிறகு கணக்கு நீட்டுகிற ஒப்பந்தக்காரர்களையே பார்த்துப் பழகியவளுக்கு இது புதிது. தோண்டி எடுத்த கருங்கல் யாருக்கு என்று ஒப்பந்தத்தில் இல்லை. எனக்கு என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். இப்போது அது கிணற்றைச் சுற்றிக் கைப்பிடிச் சுவராக நிற்கிறது.

ஐப்பசி மழையில் செப்டிக் டேங்க் இருந்த இடம் முழங்கால் ஆழத்துக்கு உள்வாங்கியது. நிறுத்தி வைத்த 5,000 ரூபாய்க்கு அப்போதுதான் வேலை வந்தது. கூப்பிட்ட வாரத்திலேயே ஒரு டிராக்டர் கிராவல் மண்ணோடு வந்து, நிரப்பி, தண்ணீர் விட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துவிட்டுப் பணத்தை வாங்கிப் போனார். மதில் ஓரத்தில் ஜேசிபியின் கை எட்டாத இடத்தில் கருவேலம் நாலைந்து துளிர்த்திருக்கிறது. அதை ஆளை விட்டுக் கடப்பாரையால் பறித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், இன்னும் வரவில்லை.

அவரையோ அவரைப் போன்ற ஒருவரையோ கூப்பிடுவதாக இருந்தால், அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கூப்பிடுங்கள். விதைப்புச் சமயத்தில் டிராக்டரும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது. மிளகாய் காயப்போடும் வீடு பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆட்களிடம் கட்டுமானத் தொழிலாளர் நலவாரிய அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடிப்பு வேலையும் கட்டுமான வேலையில் அடங்கும், இவர் ஆட்களில் பாதிப் பேரிடம்தான் அட்டை இருந்தது. முன்பணம் 10,000 கேட்பார். ரசீது கேட்டால் தருவார். கையெழுத்துத்தான் கோழிக் கிறுக்கல், தொகையை எழுத்தாலும் எழுதச் சொல்லி வாங்குங்கள்.